கிலோவுக்கு அப்பால் ஓர் உளவியலாளர்

மலையகமும் புதிய தொழில்களும் – 11

உளவியல் படித்துவிட்டுப் பாடசாலைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் உளவளத்துணையாளர்களாகப் போகிறவர்களின் வழியைச் சென்ற வாரம் பார்த்தோம். அதே பட்டத்துக்கு இன்னொரு வாசலும் உண்டு. மலையகத்தில் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறவர்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டி ஆராய்ந்து, ஏன் சிலர் விலகிப் போகிறார்கள், எந்தச் சம்பள முறை என்ன விளைவைத் தருகிறது, ஆள் சேர்க்கும்போது எதைப் பார்ப்பது என்றெல்லாம் சொல்கிற வேலை அது. கொழும்பு நிறுவனங்களில் இதை பீப்பிள் அனலிட்டிக்ஸ் என்பார்கள். நாம் மனிதவளப் பகுப்பாய்வு என்று வைத்துக்கொள்வோம்.

வீட்டில் இதைச் சொன்னால் முதலில் வரும் கேள்வி தெரிந்ததுதான். “மனசப் பத்திப் படிச்ச புள்ளைக்கு ஆபீஸ்ல உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற வேலை எதுக்கு?” அக்கறையில் பிறந்த கேள்வி. ஆகவே முழுமையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. என் பதில் இது: மனிதரை எண்ணி எழுதும் வேலை நம் மலைகளில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. எண்ணியவர்கள் எண்ணப்பட்டவர்களின் மனதை அறிய முயன்றது குறைவு. மனதைப் படித்தவர்கள் அந்த எண்களை வாசிக்க வர வேண்டும். அதிலும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் வர வேண்டும்.

துண்டு, தலைக்காசு, செக்றோல்

1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நடுவதற்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே, இந்தக் கணக்குகள் தொடங்கிவிட்டன. பழைய கணக்குகளில் ஒன்று துண்டு. தொழிலாளர்களின் பேரில் எவ்வளவு கடன் நிற்கிறது என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. அந்தத் தொகையைக் கட்டினால் ஆட்களை விட்டுவிடுகிறேன் என்பது அதன் அர்த்தம். இன்னொரு தோட்டம் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடனும் ஆட்களோடு சேர்ந்து அடுத்த தோட்டத்துக்குப் போகும். 1921இல் சட்டம் இதைத் தடை செய்தது. ஒரு மனிதரைப் பற்றித் தோட்டம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய முதல் விஷயம் அவருடைய கடன் என்று கருதப்பட்ட காலம் அது.

தலைக்காசு இன்னொரு கணக்கு. ஒரு நாளில் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ, ஒவ்வொரு தலைக்கும் இத்தனை காசு என்று கங்காணிக்குக் கிடைத்த பணம் அது. இன்று வருகை ஊக்கத்தொகை என்று நாம் சொல்வதன் மூத்த வடிவம் என்றே இதைச் சொல்லலாம். வேலைக்கு வந்தவர் ஒருவர். அதற்காக ஊக்கத்தொகை பெற்றவர் இன்னொருவர். காய்ச்சலோடு கிடக்கிறவரையும் எழுப்பி மலைக்கு அனுப்பக் கங்காணிக்கு அதில் ஒரு காரணம் இருந்தது. ஓர் எண்ணோடு பணத்தைக் கட்டிவிட்டால் மனிதர்கள் அந்த எண்ணுக்காக நடக்கத் தொடங்குவார்கள் என்று அமைப்பு உளவியல் பாடப்புத்தகங்கள் பின்னாளில் எழுதியதை நம் பாட்டன்மார் முதுகில் அனுபவித்துவிட்டார்கள்.

அப்புறம் செக்றோல், அதாவது தொழிலாளர்களின் வேலையையும் சம்பளத்தையும் பதியும் தோட்டப் பதிவேடு. காலைப் பெரட்டில் வேலை பிரிப்பது, கொழுந்து மடுவத்தில் நிறுப்பது, மாதக் கடைசியில் சம்பளம் போடுவது எல்லாம் அதைச் சுற்றித்தான் நடக்கிறது. குறித்த கிலோ வந்தால் ஒரு பேர், அதாவது முழு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். மேலதிக கிலோ, முற்பணம், சேமலாப நிதி, சங்கச் சந்தா, கழிவுகள் எல்லாம் அதில் ஏறும். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் முகாமைத்துவம் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு வந்தது. துரைமார் மாறினார்கள், கம்பனிப் பெயர்கள் மாறின, செக்றோல் மட்டும் நிலைத்து நின்றது. இப்போது சில தோட்டங்களில் டிஜிட்டல் தராசு வந்திருக்கிறது. தொழிலாளியின் அட்டையைக் காட்டியதும் நிறை நேரே கணினிக்குப் போய்ச் சேர்கிறது. அதாவது, மனிதவளப் பகுப்பாய்வுக்கு வேண்டிய மூலப்பொருள் நம் மலைகளில் குவிந்து கிடக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்த கண்கள்தான் வேண்டும்.

செக்றோல் எழுதாதவை

ஓர் எடுத்துக்காட்டு. ஒரே நாளில் ஒரு பெண் 22 கிலோ பறிக்கிறார், இன்னொருவர் 15 கிலோ பறிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணினியில் இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். முதலாமவர் கெட்டிக்காரர், இரண்டாமவர் சுணக்கம் என்று யாரும் சொல்லிவிடலாம்.

உளவியல் படித்தவர் இங்கே நிற்க வேண்டும். முதல் வருடத்திலேயே அவருக்குச் சொல்லிக்கொடுத்த கேள்வி ஒன்று உண்டு: இந்த அளவு உண்மையில் எதை அளக்கிறது? 15 கிலோ என்பது அந்தப் பெண்ணின் உழைப்பை மட்டுமா அளக்கிறது? அவர் நின்ற மலை செங்குத்தாக இருந்திருக்கலாம். கவ்வாத்து முடிந்து இப்போதுதான் துளிர்க்கும் மலையாக இருந்திருக்கலாம்; உயரமான பகுதிகளில் நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள், வெட்டிய பிறகு மாதக்கணக்கில் அந்த மலையில் கொழுந்து எடுக்க முடியாது. முன்பு பறித்து ஐந்து நாள்தான் ஆகியிருக்கலாம். பசளை போடாத மலையாக இருக்கலாம். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கங்களில் தை, மாசியில் வறண்ட குளிர்காற்றடிக்கும். நல்ல தரமான தேயிலை வரும் காலம் அது, ஆனால் கொழுந்து குறையும். சித்திரை மழைக்குப் பிறகு அதே கை அதே மரத்தில் கூடுதலாகப் பறிக்கும். கை ஒன்றுதான், மாறியது மழை.

இவற்றில் எதையும் கிலோ சொல்லாது. ஆகவே நல்ல ஆய்வாளர் ஒருவர் அந்த 15ஐ, அன்று அதே மலையில் பறித்த மற்றவர்களின் சராசரியோடு ஒப்பிடுவார். அந்த மலையின் சராசரி 14 என்றால், 15 பறித்தவர் சராசரிக்கு மேலே நிற்கிறார். பக்கத்து மலையின் சராசரி 23 என்றால், 22 பறித்தவர் சற்றுக் கீழே. ஒரே கணக்கில் இருவரின் இடமும் மாறிவிட்டது. இதற்குப் பெரிய கணினி தேவையில்லை. எதை எதோடு ஒப்பிடுவது நியாயம் என்று கேட்கும் மனம் போதும்.

இரண்டாவது கேள்வி, ஓர் அளவை எவ்வளவு நம்பலாம் என்பது. ஒரு நாள் நிறையை வைத்து ஒருவரை மதிப்பிடக் கூடாது. ஒரே கேள்வி உள்ள பரீட்சை ஒரு பிள்ளையின் அறிவைச் சொல்லாது அல்லவா? கேள்விகள் கூடக் கூட ஒரு சோதனையின் நம்பகத்தன்மை எவ்வளவு கூடும் என்று சார்ள்ஸ் ஸ்பியர்மனும் வில்லியம் பிரவுனும் 1910இலேயே தனித்தனியாகச் சூத்திரம் எழுதிவிட்டார்கள். உளவியல் மாணவர்கள் அதை நுண்ணறிவுச் சோதனைக்கான பாடமாகப் படிக்கிறார்கள். கொழுந்து மடுவத்துக்கும் அதே சூத்திரம் பொருந்தும்.

மூன்றாவது, வருகைக் கோடு. செக்றோலில் ஒருவர் வராத நாள் வெறும் வெற்றிடம். பிள்ளைக்குக் காய்ச்சல், டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிளினிக், பாடசாலைக் கூட்டம், பிள்ளைக்காம்பராவில் அன்று ஆள் இல்லை, பேருந்து வரவில்லை, டவுனில் ஒரு நாள் கூலி அதிகம், அல்லது உடம்பு இனித் தாங்காது. இத்தனை காரணங்களும் ஒரே வெற்றிடத்துக்குள் அடங்கிவிடுகின்றன. கம்பனியின் அறிக்கையில் அதற்கு ஒரே பெயர்: வரவின்மை. காரணங்களைப் பிரித்தறியாமல் தீர்வு தேடுவது மருந்துக் கடையில் கண்ணை மூடிக்கொண்டு போத்தலை எடுப்பதற்குச் சமம்.

ஊக்கத்தொகையின் உள்ளே

இந்தத் தொழில் என்ன செய்கிறது என்று புரிய, கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட, நாம் எல்லோரும் அறிந்த கூட்டு ஒப்பந்தங்களையே எடுத்துக்கொள்வோம்.

2013 ஒப்பந்தத்தில் நாளொன்றுக்கு அடிப்படைச் சம்பளம் 450 ரூபா, வருகை ஊக்கத்தொகை 140, விலைப் பங்குக் கொடுப்பனவு 30; மொத்தம் 620. 2016இல் அடிப்படை 500, வருகைக்கு 60, உற்பத்தித்திறனுக்கு 140, விலைப் பங்கு 30, மொத்தம் 730. 2019இல் வருகை ஊக்கத்தொகையும் உற்பத்தி ஊக்கத்தொகையும் நீக்கப்பட்டன; அடிப்படை 700, விலைப் பங்கு 50, மொத்தம் 750.

2016க்கும் 2019க்கும் இடையில் கூடியது இருபது ரூபாதானே என்று மலையகம் முழுக்கப் பேசினார்கள். ஆய்வாளர் இன்னும் ஒரு படி உள்ளே போவார். எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றிவந்த ஒரு தொழிலாளிக்குக் கூடியது 20 ரூபா, சரி. ஆனால் வருகை இலக்கையும் கிலோ இலக்கையும் எட்ட முடியாமல் இருந்தவர் 2016 ஒப்பந்தத்தில் பெற்றது 500ம் 30ம் சேர்ந்து 530தான். அவருக்கு 2019இல் கூடியது 220 ரூபா. ஒரே ஒப்பந்தம், ஒரே லயம், பக்கத்துப் பக்கத்துக் காம்பரா. ஒருவருக்கு 20, இன்னொருவருக்கு 220. இருவரும் அந்த ஒப்பந்தத்தை ஒரே மாதிரி உணர்ந்திருப்பார்களா? மனிதர் தம் ஊதியத்தைத் தனியாக வைத்து எடைபோடுவதில்லை, தாம் கொடுத்த உழைப்பையும் பக்கத்திலிருப்பவர் பெற்றதையும் சேர்த்தே எடைபோடுகிறார்கள் என்று ஜோன் ஸ்டேசி அடம்ஸ் என்ற உளவியலாளர் 1963இல் எழுதினார். மாதம் முழுக்க மழையிலும் தவறாமல் மலையேறிய ஒரு தாய்க்கு அந்த இருபது ரூபா ஏன் கசந்தது என்று விளங்க, சராசரியைப் பிரித்துப் பார்க்கும் கணக்கும் வேண்டும், அடம்ஸ் சொன்ன உளவியலும் வேண்டும். இரண்டும் ஒரே தலைக்குள் இருந்தால் நல்லது.

இன்னும் ஒன்று. பழைய வருகை ஊக்கத்தொகை, வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 சதவீதம் வந்தவருக்குத்தான். மாதத்தில் 24 நாள் வேலை என்றால் 18 நாள் வர வேண்டும். மாதத் தொடக்கத்தில் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்து ஏழு நாள் போய்விட்டால், மிச்ச நாள் முழுக்க வந்தாலும் 17தான். அந்த மாதத்து ஊக்கத்தொகை அப்போதே கைவிட்டுப் போனது. அதன்பிறகு எஞ்சிய நாட்களுக்கு அந்தப் பணம் யாரையும் ஊக்குவிக்காது. எட்டும் தூரத்தில் இருக்கும் எல்லைக்கோடு ஒருவரை இழுக்கும், எட்டாமல் போன எல்லைக்கோடு சோர்வடையச் செய்யும் என்பது உளவியலில் நன்கு அறியப்பட்ட விஷயம். செக்றோல் தரவு கையில் இருந்தால் இதைச் சோதித்துப் பார்க்கலாம்: 18 நாள் வந்தவர்கள் கும்பலாகத் தெரிகிறார்களா, 16, 17 என்ற இடங்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றனவா, எல்லை தவறியவர்களின் பிந்திய வாரங்கள் எப்படி இருந்தன? ஒரு வரைபடத்தில் இவ்வளவும் தெரியும்.

இது பழங்கதை இல்லை. 2021இல் வர்த்தமானி மூலம் நாட்சம்பளம் 900ம் 100ம் சேர்ந்து 1000 ஆனது. 2024இல் 1350 ஆனது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதை 1550 ஆக்கவும், அதற்கு மேல் அரசே நாளொன்றுக்கு 200 ரூபா வருகை ஊக்கத்தொகை கொடுக்கவும் முன்மொழிந்தது. வருகைக்குப் பணம் என்ற யோசனை மீண்டும் வந்திருக்கிறது. இம்முறை அதற்கான நிதி மக்களின் வரியிலிருந்து. அந்த 200 ரூபா எந்த நிபந்தனையோடு வருகிறது, யார் அதை இழப்பார்கள், ஏன் இழப்பார்கள் என்று கேட்டு விடை கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு கம்பனியிலும், ஒவ்வொரு தொழிற்சங்கத்திலும், அமைச்சிலும் இருக்க வேண்டும். தொழிற்சங்கம் என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். பேச்சுவார்த்தை மேசையில் கம்பனித் தரப்பு எண்களோடு உட்கார்கிறது. எதிரே இருப்பவர்களும் எண்களோடு உட்கார வேண்டும்.

முன்னே நடந்தவர்கள்

உளவியலிலிருந்து தொழிற்சாலைக்குப் போவது புதிய வழியா என்றால், இல்லை. லாகூரில் பிறந்த கமலா சௌத்ரி அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சமூக உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். நாடு திரும்பியவர் அகமதாபாத்தில் விக்ரம் சாராபாய் உருவாக்கிய துணி ஆலை ஆராய்ச்சி நிறுவனமான அட்டிராவில் சேர்ந்தார். நூலின் வலிமையையும் பஞ்சின் தரத்தையும் ஆராயத் தொடங்கப்பட்ட இடம் அது. அங்கே ஆலைத் தொழிலாளர்களின் மனப்பாங்கையும் மேற்பார்வையாளர்களுக்கும் அவர்களுக்கும் உள்ள உறவையும் ஆராயும் பிரிவை அவர் நடத்தினார். 1961இல் அகமதாபாத்தில் இந்திய முகாமைத்துவ நிறுவகம் தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியராகவும் ஆனார். இந்திய முகாமைத்துவக் கல்வியின் வாசலில் முதலில் நின்றவர்களில் ஓர் உளவியலாளர், அதுவும் ஒரு பெண், இருந்தார் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

அதே அகமதாபாத்தில், கலிக்கோ ஆலையில், 1953இல் லண்டன் டவிஸ்டொக் நிறுவகத்தின் ஏ. கே. ரைஸ் ஒரு சோதனை செய்தார். புதிய தானியங்கித் தறிகள் வந்தும் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. இயந்திரத்தில் பிழை இருக்கவில்லை. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்ததில் யாருக்கும் ஒரு குழு என்று இல்லாமல் போயிருந்தது. பலருடைய வேலை ஒன்றோடொன்று பின்னியிருந்தும், யார் யாரோடு சேர்ந்தவர் என்பது தெளிவில்லை. சிறு குழுக்களாக, ஒவ்வொரு குழுவுக்கும் குறிப்பிட்ட தறிகள் என்று வேலையை அமைக்கலாம் என்ற யோசனை முன்வைக்கப்பட்டதும் தொழிலாளர்களே முன்வந்து குழு சேர்ந்தார்கள். உற்பத்தி கூடியது, சேதம் குறைந்தது. கொழுந்துக் கூட்டத்தில் யார் யாரோடு நிரை பிடித்து நிற்கிறார்கள் என்பதை அறிந்த நம்மவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. ஆனால் அதை அளந்து காட்டியபோதுதான் நிர்வாகம் கேட்டது.

பிறகு உதய் பரீக், டி. வி. ராவ். இருவரும் உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள். 1970களின் நடுவில் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்துக்கு மனிதவள அபிவிருத்தி முறையை வடிவமைத்துக் கொடுத்தார்கள். ஆளணிப் பிரிவு என்றால் லீவுக் கணக்கும் தண்டனைக் கடிதமும் என்றிருந்த இடத்தில், ஊழியரின் வளர்ச்சியையும் மதிப்பீட்டையும் திட்டமிட்டுச் செய்யும் தனிப் பிரிவு அப்படித்தான் உருவானது. கமலா சௌத்ரி, பரீக், ராவ் மூவரும் உளவியலைக் கைவிட்டு வரவில்லை. கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

கணக்குக்குப் பயப்படும் பிள்ளைகளுக்கு

நம் பிள்ளைகளில் பலர் உயர்தரத்தில் கலைப் பிரிவு. கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் இல்லாத பாடசாலைகள் நம்மிடம் இன்னும் இருப்பதால் அது பல நேரம் அவர்களுடைய தெரிவுகூட அல்ல. புள்ளிவிபரவியல் என்றதும் அவர்களுக்கு வரும் பயத்தை நான் மதிக்கிறேன். அவர்களுக்குத் தேயிலையிலிருந்தே ஒரு கதை.

இங்கிலாந்தில் ரொத்தம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண் விஞ்ஞானி வேலை செய்தார். கோப்பையில் முதலில் பாலை ஊற்றினார்களா, தேநீரை ஊற்றினார்களா என்று குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றார். பக்கத்தில் இருந்தவர் நவீன புள்ளிவிபரவியலின் தந்தையருள் ஒருவரான ரொனால்ட் பிஷர். அந்தக் கூற்றை எப்படிச் சோதிப்பது என்பதையே 1935இல் வெளிவந்த தம் நூலில் அவர் விளக்கினார். எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில், ஒழுங்கு மாற்றிக் கலைத்து வைக்க வேண்டும். வெறுமனே ஊகிக்கிறவர் எட்டையும் சரியாகப் பிரிக்க எழுபதில் ஒரு வாய்ப்புத்தான். ஆகவே எட்டும் சரியென்றால் அவர் சொல்வதில் ஏதோ இருக்கிறது. சோதனை முறையின் அடிப்படை முழுக்க இதற்குள் அடங்கிவிடுகிறது: எழுந்தமானமாகக் கலைத்தல், தற்செயலாக நடக்கக்கூடியது எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்கிடுதல், ஆளை அவமதிக்காமல் கூற்றைச் சோதித்தல். நம் மலைகளிலிருந்து போன தேயிலையைச் சுவைக்கும் உலகம் கண்டுபிடித்த கணக்கு இது. இதற்கு நாம் ஏன் அந்நியராக நிற்க வேண்டும்?

என்ன கற்க வேண்டும்? பல்கலைக்கழகத்தில் கேள்வித்தாள் தயாரிக்கவும் நேர்காணவும் ஆய்வு முறையும் கற்றிருப்பீர்கள். அதுதான் அத்திவாரம். அதன்மேல் எக்செல்லை நன்றாகக் கையாளப் பழகுங்கள். பல்கலைக்கழகத்தில் எஸ்.பி.எஸ்.எஸ். பழகியிருந்தால், இலவசமாகக் கிடைக்கும் ஆர் அல்லது பைதனுக்கு மாறுங்கள். தரவுத்தளத்திலிருந்து வேண்டியதைக் கேட்டெடுக்க எஸ்.கியூ.எல். வேண்டும். கூடவே தொழிற்சட்டம்: சம்பளச் சபை என்ன செய்கிறது, சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 சதவீதமும் தொழில்தருநர் 12 சதவீதமும் செலுத்துவது எந்தச் சம்பளத்தின் மேல் கணக்கிடப்படுகிறது என்பதெல்லாம் தெரியாமல் சம்பளத் தரவை வாசிக்க முடியாது. ஆளணி முகாமைத்துவத்துக்கு சி.ஐ.பி.எம். பாடநெறிகள் இருக்கின்றன, தோட்டத் துறைக்கென்று அத்துருகிரியவில் தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் இருக்கிறது.

பழகுவதற்குத் தரவு எங்கே என்று கேட்பீர்கள். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் வீட்டு வருமான செலவு ஆய்வறிக்கைகளில் நகரம், கிராமம், தோட்டம் என்று தனித்தனியாக விபரம் தருகிறது. தோட்டத் துறை நிரலை மட்டும் எடுத்து ஒரு பக்கக் கட்டுரை எழுதுங்கள். அதைவிட நல்ல பயிற்சி ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. உங்கள் அம்மாவின், சித்தியின், அத்தையின் சம்பளத் துண்டுகளை அவர்களுடைய அனுமதியோடு எடுத்து, வேலை நாள், கிலோ, மேலதிக கிலோ, கழிவு என்று கணினியில் ஏற்றுங்கள். ஒரு வரைபடம் போட்டு அவர்களிடமே காட்டுங்கள். “அந்த மாசம் ஏன் குறைஞ்சிச்சுன்னா, பெரிய மல கவ்வாத்து வெட்டுனாங்க” என்று ஒரு குரல் சொல்லும். உங்கள் தரவில் இல்லாத ஒரு நிரல் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. அதைச் சேர்த்துக்கொண்டு மறுபடியும் போடுங்கள். வேலைக்கான நேர்முகப் பரீட்சையில் இந்த ஒரு வேலையை விளக்கிச் சொல்ல முடிந்தால், பத்துச் சான்றிதழ்களைவிட அது உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

யாருடைய கேள்வி?

இந்தத் தொழிலுக்குப் போகிறவர்கள் ஒன்றை மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ள வேண்டும். தரவு எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது என்பதைப் பெரும்பாலும் சம்பளம் கொடுப்பவரே தீர்மானிக்கிறார். இளைஞர்கள் தோட்ட வேலையை விட்டு விலகுவதைக் கம்பனி இழப்பு என்று எழுதும். அதே விலகல் ஒரு குடும்பத்துக்கு மூன்று தலைமுறையின் கனவு. இரண்டும் ஒரே எண், இரண்டு அர்த்தம். “யார் விலகுவார்கள் என்று முன்கூட்டியே கண்டுபிடித்துக் கொடு” என்று உங்களிடம் கேட்கப்படும். “இருக்கிறவர்கள் எந்த நிலைமையில் மரியாதையோடு இருப்பார்கள்” என்ற கேள்வியையும் பக்கத்தில் வைக்க உங்களுக்குத் துணிவு வேண்டும்.

கேட்கிறவர் யார் என்பதும் விடையை மாற்றும். அலுவலகத்திலிருந்து ஒருவர் கையில் படிவத்தோடு லயத்துக்குப் போய் “வேலை எப்படி இருக்கிறது?” என்று கேட்டால், “நல்லா இருக்குதுங்க” என்ற பதில்தான் வரும். அது மரியாதையின் பதில், சில சமயம் பயத்தின் பதில். அதைத் திருப்தி என்று அறிக்கையில் எழுதுவது பிழை. பெயர் எழுதாத படிவம், தமிழில் உட்கார்ந்து பேசும் நேரம், மேற்பார்வையாளர் பக்கத்தில் இல்லாத இடம்: இவை இல்லாமல் எடுத்த கருத்தாய்வை நம்பக் கூடாது. இந்த நுணுக்கம் லயத்தில் வளர்ந்தவருக்கு இயல்பாகத் தெரியும். கொழும்பில் எந்த மென்பொருளும் இதைத் தராது.

உலகின் பெரிய கம்பனிகளே இதில் சறுக்கியிருக்கின்றன. விண்ணப்பங்களைத் தரப்படுத்த அமேசான் உருவாக்கிய மென்பொருள், பழைய ஆட்சேர்ப்பின் சாய்வைக் கற்றுக்கொண்டு பெண்களுக்குப் பாதகமாக நடந்ததால் கைவிடப்பட்டது; 2018இல் ரொய்ட்டர்ஸ் அதை வெளியிட்டது. 2020இல் மைக்ரோசொப்ட், ஊழியர் ஒவ்வொருவரின் மென்பொருள் பாவனையையும் பெயரோடு நிர்வாகத்துக்குக் காட்டும் வசதியைக் கண்டனத்துக்குப் பிறகு நீக்கியது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது பிற்போடப்பட்டது. சட்டம் முழுமையாக வரும்வரை உளவியலாளரின் ஒழுக்கக் கோவையே நமக்குச் சட்டம்: சம்மதம் கேட்டு எடு, இரகசியம் காப்பாற்று, தீங்கு செய்யாதே. அதன்படி மூன்று நியமங்களை முதல் நாளிலிருந்தே கடைப்பிடிக்கலாம். மிகச் சிறிய குழுவின் முடிவை வெளியிடக் கூடாது; ஒரு கங்காணியின் கீழ் ஏழு பேர் என்றால் யார் என்ன சொன்னார் என்று ஊகித்துவிடுவார்கள். எண் மட்டும் பார்த்து ஒருவரின் வேலையில் கை வைக்கக் கூடாது. அவருடைய பேச்சைக் கேட்க வேண்டும். ஒரு தொழிலாளி தன்னைப் பற்றி எழுதப்பட்ட கணக்கைத் தானே பார்க்கவும், பிழையைத் திருத்தக் கேட்கவும் வழி இருக்க வேண்டும். டிஜிட்டல் தராசு அவருடைய நிறையைக் கணினிக்கு அனுப்புகிறது என்றால், அதே நிறையும் கழித்த கிலோவும் அச்சிட்ட துண்டாக அவர் கைக்கும் வர வேண்டும்.

உளவியல் படித்த மகளிடம் “உனக்கு எதுக்கு இந்தக் கணக்கு?” என்று கேட்கும் பெற்றோரிடம் நான் சொல்வது இதுதான். உங்கள் பேரில் இவ்வளவு காலம் மற்றவர்கள் கணக்கு எழுதினார்கள். உங்கள் பிள்ளை அதை வாசித்து, பிழை இருந்தால் பிழை என்று சொல்லும் இடத்துக்குப் போகிறாள். அந்த இடம் கொழும்பிலும் இருக்கலாம், உங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கக் காரியாலயத்திலும் இருக்கலாம். எங்கே இருந்தாலும், போகட்டும் என்று அனுப்பி வையுங்கள்.

அடுத்த வாரம்: தோட்டப் பகுதிகளில் தாதியர் பயிற்சிக்குப் போகும் வழிகளும் அதற்கான தகைமைகளும்.